கடுதாசி சுமந்த விமானி: ஜே.ஆர்.டி. டாடா பற்றி சுங்கை சிப்புட் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

பள்ளி விடுமுறையில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். ஒரு சனிக்கிழமை ஜே.ஆர்.டி. டாடாவின் கதையைச் சொன்னேன். விமானம் ஓட்டக் கற்று, குடும்ப நிறுவனத்துக்குள்ளேயே ஒரு விமானத் தொழிலைத் தொடங்கி, அது கைவிட்டுப் போனதையும் பார்த்தவர் அவர். கதை முடிந்ததும் பிள்ளைகள் கொப்பித் தாளைக் கிழித்துக் கேள்வி எழுதித் தந்தார்கள். அழைத்துப் போக வந்த பெற்றோரும் வாசலில் நின்று கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இவர் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள், டீச்சர்.

முழுப் பெயர் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா. 1904 ஜூலை 29இல் பாரிஸில் பிறந்தார். அப்பா இந்தியப் பார்சி, அம்மா பிரெஞ்சுக்காரர். 1929இல் இந்தியாவில் முதல் விமானி உரிமம் பெற்றார். 1932இல் டாடா நிறுவனத்தின் வான்தபால் சேவையைத் தொடங்கினார். அதுதான் பிறகு ஏர் இந்தியா ஆனது. 1993 நவம்பர் 29இல் ஜெனீவாவில் காலமானார்.

இந்தியாவில் இருந்த ஒரு பணக்காரரின் கதை நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு?

இதைக் கேட்டவர் ஒரு தகப்பனார். கேட்டது சரிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து, இந்த ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஒன்றில் பால் மரம் வெட்டியவர், அதாவது மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். ஊரில் அவருடைய அப்பா இறந்த செய்தி கடுதாசியில்தான் வந்தது. அந்தக் கடுதாசி கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ரயிலில் வந்து, தோட்டத்து ஆபிசில் கிடந்து, ஒரு நாள் பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு முடிந்ததும் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், கூப்பிட்டுக் கொடுத்தார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. கிராணியே படித்துச் சொன்னார். அப்போது ஊரில் கருமாதியே முடிந்திருந்தது. மறுநாளும் விடிவதற்கு முன் உளியை எடுத்துக்கொண்டு மர நிரைக்குப் போய்விட்டேன் என்பார் பாட்டி. எங்களிடம் அதை அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒரு முறைகூடக் குரல் மாறாமல் சொன்னதில்லை.

அந்தக் கடுதாசி அவருடைய மைலோ டின்னின் அடியில் இருந்தது. அதற்கு மேல் அடுக்கடுக்காக நீல ஏரோகிராம்கள், எல்லாம் பிற்காலத்தில் விமானத்தில் வந்தவை. ஏரோகிராமைப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அது மெல்லிய நீலத் தாள். கடிதமும் உறையும் அது ஒன்றேதான். மடித்து ஓரத்தை ஒட்டி அனுப்புவார்கள். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருப்பார்கள், அவசரப்பட்டுக் கிழித்தால் அந்த வரி போய்விடும். பாட்டி தென்னை ஈர்க்கை உள்ளே விட்டு மெதுவாகப் பிரிப்பார். டின்னுக்கு அடியில் இருந்த தாளுக்கும் மேலே இருந்த தாளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேடிப் போனபோதுதான் நான் ஜே.ஆர்.டி.யிடம் வந்து சேர்ந்தேன். ஆள் ஏற்றுவதற்கு முன் கடுதாசி ஏற்றியவர் அவர். லண்டனிலிருந்து கராச்சி வரை வந்துகொண்டிருந்த வான்தபாலை, வாராவாரம் தவறாமல் பம்பாய் வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்த சேவை அவருடையது. 1933 டிசம்பரில் பிரிட்டிஷ் விமான நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸ் சிங்கப்பூர் வரை வர, மலாயாவும் அந்த வான்வழியில் சேர்ந்துகொண்டது. பாட்டியின் டின்னில் உள்ள ஒவ்வொரு நீலத் தாளுக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட ஆட்களின் உழைப்பு இருக்கிறது. அதனால்தான் அவர் கதையை இங்கே சொல்கிறேன்.

விமான ஆசை எப்படி வந்தது?

பிரான்சில் ஹார்டெலோ என்ற கடற்கரை ஊரில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. 1909இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவுக்கும் அங்கே வீடு. கடற்கரை மணலில் விமானம் வந்து இறங்குவதைச் சிறுவன் ஜே பார்த்துக்கொண்டே வளர்ந்தான். 15 வயதில் காசு கொடுத்து ஒரு சுற்று ஏறிப் பறந்தான். அன்றே முடிவு செய்துவிட்டான்.

ஆனால் சொந்தமாக ஓட்டக் கற்க இன்னும் 9 வருடம் காத்திருந்தார். நடுவில் அம்மா இறந்தார், பிரெஞ்சு ராணுவத்தில் ஒரு வருடம் போனது. கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்க வேண்டும் என்று ஆசை. அப்பா 1925இல் வேலைக்கு வா என்று அழைத்துவிட்டார். டாடா நிறுவனத்தில் சம்பளம் இல்லாத பயிற்சியாளராகச் சேர்ந்தார். அடுத்த வருடமே அப்பாவும் போய்விட்டார். பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லையே என்ற குறை அவருக்குக் கடைசி வரை இருந்தது. பம்பாயில் பறக்கும் மன்றம் திறந்ததும் ஓடிப் போய்ச் சேர்ந்தார். 1929 பிப்ரவரி 10இல் கைக்கு வந்த உரிமத்தில் எண் 1 என்று இருந்தது.

போட்டியில் தோற்றார் என்றீர்களே, அது என்ன கதை?

பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்த கதை இதுதான். இஸ்மாயிலி முஸ்லிம்களின் மதத் தலைவரான ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டி முதலில் முடிக்கும் இந்தியருக்கு 500 பவுண்டு. 1930 மே மாதம் ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து கிளம்பினார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற இளைஞர் எதிர்ப்பக்கம், இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். ஆஸ்பிக்கு அப்போது 17 வயது. நம் ஊர்க் கணக்கில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் வயது.

ஜே.ஆர்.டி. எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் இறங்கினார். அங்கே ஆஸ்பி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். என்ஜினின் ஸ்பார்க் பிளக் பழுது, மாற்றுப் பிளக் இல்லை. ஜே.ஆர்.டி.யிடம் கூடுதல் பிளக் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆஸ்பி நன்றியாகத் தன் மிதவைச் சட்டையைக் கொடுத்தார். இருவரும் அவரவர் திசையில் பறந்தார்கள். சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி ஜெயித்தார்.

"கொடுக்காமல் இருந்திருந்தால் இவர்தானே ஜெயித்திருப்பார்?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம், தம்பி, அப்படித்தான். ஆனால் பாலைவனத்தில் பிளக் இல்லாமல் நிற்பவனை விட்டுவிட்டு வாங்கும் பரிசு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த ஆஸ்பிதான் 1960இல் இந்திய விமானப் படையின் தளபதி ஆனார்.

முதல் தபால் விமானம் எப்படிப் பறந்தது?

யோசனை நெவில் வின்சென்ட் என்பவருடையது. பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்துவிட்டு, இந்தியாவுக்கு விமானம் கொண்டுவந்து ஊர் ஊராகப் பறந்து காட்டியவர். லண்டன் தபால் கராச்சியோடு நின்று ரயிலேறுகிறதே, அங்கிருந்து விமானத்திலேயே பம்பாய்க்கும் சென்னைக்கும் கொண்டு போகலாமே என்றார். ஜே.ஆர்.டி. பிடித்துக்கொண்டார். நிறுவனத் தலைவர் சர் தோராப்ஜி டாடாவுக்கு முதலில் அவ்வளவு விருப்பமில்லை. 2 லட்சம் ரூபாய் முதல் போட அவரைச் சம்மதிக்க வைத்தவர் ஜான் பீட்டர்சன் என்ற மூத்த நிர்வாகி. அரசாங்கத்தோடு பேசி ஒப்பந்தம் கையில் கிடைக்க மூன்று வருடம் ஆனது. மானியம் கிடையாது. சுமந்த தபாலின் எடைக்குத்தான் காசு. ஸ்டோரில் பாலை நிறுத்துக் கூலி போடுவார்களே, அதே மாதிரி.

1932 அக்டோபர் 15. அதிகாலையில் கராச்சியிலிருந்து ஒரு புஸ் மோத் விமானத்தில் ஜே.ஆர்.டி. தனியாகக் கிளம்பினார். ஒற்றை என்ஜின், துணி போர்த்திய இறக்கை, ரேடியோ இல்லை. வழி தெரிய கீழே தெரியும் நிலம்தான். கையில் கண்ணுக்கு ஒரு காற்றுத் தடுப்புக் கண்ணாடி, கணக்குப் போட ஒரு ஸ்லைடு ரூல். தபால் மூட்டையின் எடை ஏறக்குறைய 25 கிலோ. பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அகமதாபாத்தில் எண்ணெய் போட இறங்கினார். பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன! பிற்பகலில் பம்பாய் ஜூஹு கடற்கரையோரத் திடலில் இறங்கினார். அங்கே வின்சென்ட் இன்னொரு விமானத்தோடு காத்திருந்தார். சென்னைத் தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகப் பறந்து மறுநாள் சென்னை சேர்ந்தார்.

எனக்கு மனத்தில் நிற்பது அந்த மாட்டு வண்டிதான். விமானம் வந்துவிட்டது, ஆனால் அதற்கு எண்ணெய் கொண்டுவர ஊரில் அது மட்டும்தான் இருந்தது.

மழைக்காலத்தில் என்ன செய்தார்கள்?

நம் பக்கத்தில் மழை பிடித்தால் பால் வெட்டு இல்லை. அவர்களுக்கு அப்படி விட முடியாது, தபால் போயாக வேண்டும். ஜூஹு திடல் கடல் மட்டத்தில் இருந்ததால் மழைக்காலத்தில் தண்ணீர் கட்டிவிடும். அப்போது மொத்தக் கடையையும் பூனாவுக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்து பறந்தார்கள். மழையிலும் நேரம் தவறவில்லை என்று அரசாங்கமே அறிக்கையில் பாராட்டியது. ஆட்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

லாபம் கிடைத்ததா?

கிடைத்தது. முதல் முழு வருடமான 1933இல் 155 பயணிகள், 10 டன்னுக்கு மேல் தபால், 60,000 ரூபாய் லாபம். பயணிகள் எண்ணிக்கையைப் பாருங்கள். வீட்டை நடத்தியது கடுதாசிதான்.

இது உண்மையிலேயே குடும்பத் தொழிலா? அவருக்குப் பிள்ளைகள் இல்லையாமே?

ஆமாம், அவருக்கும் அவர் மனைவி தெல்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அப்பா நடத்தி மகன் எடுத்துக்கொள்ளும் கடை போல இதை நினைக்க வேண்டாம். டாடா குடும்பம் தொடங்கிய டாடா சன்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவாக விமானச் சேவை நடந்தது. ஜே.ஆர்.டி.யின் அப்பா அந்தக் குடும்பத்தின் உறவினர், பங்காளி. 1938இல், 34 வயதில், ஜே.ஆர்.டி. முழு நிறுவனத்துக்கும் தலைவரானார். இரும்பு, மின்சாரம், ரசாயனம் என்று எத்தனையோ தொழில் அவர் கையில் வந்தன. அப்படி இருந்தும் மனம் மட்டும் விமானத்திலேயே இருந்தது. 1946இல் விமானப் பிரிவு பொதுமக்கள் பங்கு வாங்கக்கூடிய தனி நிறுவனமாகி ஏர்-இந்தியா என்று பெயர் பெற்றது. தலைப்பாகையும் பெரிய மீசையுமாக வணங்கி நிற்கும் அந்த மகாராஜா பொம்மையும் அதே வருடம்தான் வந்தது.

வெளிநாட்டுக்கு எப்போது பறந்தார்கள்?

1948 ஜூன் 8இல், 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் போனது. ஜே.ஆர்.டி.யும் அதில் ஏறினார்.

இந்தத் தேதியை நம் ஊர்ப் பிள்ளைகள் மறக்கக் கூடாது. சரியாக 8 நாள் கழித்து, ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக மலாயாவில் அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீடித்தது. பம்பாயில் ஆட்கள் மாலை போட்டு விமானம் ஏறிய அதே மாதத்தில் நம் பெரியவர்கள் லயத்துக் கதவை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக் கதவை, தாழிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்த்த விமானம் காட்டின் மேல் துண்டுத்தாள் போட வந்த விமானம்.

விபத்தே நடக்கவில்லையா?

நடந்தது. அதே மலபார் பிரின்சஸ் 1950 நவம்பர் 3இல் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள மோன் பிளாங்க் மலையில் மோதி, அதிலிருந்த 48 பேரும் இறந்தார்கள். 1966 ஜனவரியில் 'காஞ்சன்ஜங்கா' என்ற விமானமும் அதே மலையில் விழுந்து 117 பேர் இறந்தார்கள். அணு விஞ்ஞானி ஹோமி பாபா அதில் ஒருவர், ஜே.ஆர்.டி.க்கு நெருங்கிய நண்பர். பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது இதையெல்லாம் விழுங்கிவிட்டுச் சொல்லக் கூடாது. தபால் சேவைக்கு யோசனை சொன்ன வின்சென்டும் 1942இல், போர்க்காலத்தில், விமானத்தில் போகும்போதே மறைந்தார்.

கம்பெனி ஏன் கைவிட்டுப் போனது?

1953இல் இந்திய அரசாங்கம் விமான நிறுவனங்கள் எல்லாவற்றையும் தேசியமயமாக்கியது. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தார்களே என்று ஜே.ஆர்.டி. நேருவிடமே வருத்தப்பட்டார். ஆனாலும் நீங்களே தலைவராக இருங்கள் என்று அரசாங்கம் கேட்டபோது ஒப்புக்கொண்டார், சம்பளம் வாங்காமல்.

அடுத்த 25 வருடம் அவர் வேலை பார்த்த விதத்தைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்வேன். விமானத்தில் பயணியாக ஏறினால் குறிப்புப் புத்தகம் திறந்துவிடும். திரைச்சீலை ஏன் அழுக்கு? நாற்காலி ஏன் சரியாகச் சாயவில்லை? தேநீரையும் காப்பியையும் நிறத்தை வைத்துப் பிரித்தறிய முடியவில்லையே? இறங்கியதும் அதிகாரிகளுக்குக் கடிதம் போய்விடும். தலைவர் தேநீரின் நிறத்தைக் கவனிக்கிறார் என்றால் மற்றவர்கள் என்ஜினை எப்படிக் கவனிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1962இல் ஏர் இந்தியா தன் விமானங்கள் அனைத்தையும் ஜெட்டாக மாற்றிவிட்டது. அப்போது உலகில் வேறு எந்த நிறுவனமும் அதைச் செய்திருக்கவில்லை.

1978 பிப்ரவரியில் மொரார்ஜி தேசாய் அரசாங்கம் அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. முகத்துக்கு நேராகச் சொல்லவும் இல்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்க வராதே என்று வாசலில் நிறுத்தியது போலத்தான் எனக்கு இது படுகிறது. எத்தனை தடவை படித்தாலும் மனம் ஆறுவதில்லை. 1980இல் இந்திரா காந்தி அரசாங்கம் அவரை நிர்வாகக் குழு உறுப்பினராகத் திரும்ப அழைத்தது. போனார்.

திரும்பக் கிடைத்ததா?

அவர் இருக்கும்போது இல்லை. 2021 அக்டோபரில் டாடா நிறுவனம் 18,000 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு ஏர் இந்தியாவை வென்றது. அதில் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்டது, மீதி ரொக்கம். 2022 ஜனவரி 27இல் கைமாறியது. அவர் இறந்து அப்போது 28 வருடம்.

நம் நாட்டில் இப்படி யாராவது இருந்தார்களா?

வேர்ன் சகோதரர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் கார் வியாபாரம் செய்த குடும்பம். 1937 ஜூன் 28இல் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு வழியில் விமானச் சேவை தொடங்கினார்கள். விமானம் டிராகன் ரேப்பிட், இரண்டு என்ஜின். ஜப்பான்காரன் வந்ததோடு அது நின்றுபோனது. போருக்குப் பிறகு 1947இல் மலாயன் ஏர்வேஸ் வந்தது. அதன் வழி வந்த நிறுவனம்தான் 1972இல் மாஸ் என்ற மலேசிய விமான நிறுவனம் என்றும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றும் இரண்டாகப் பிரிந்தது.

வயதான பிறகும் விமானம் ஓட்டினாரா?

1982 அக்டோபர் 15இல், முதல் தபால் பறந்து சரியாக 50 வருடம் ஆன அன்று, ஒரு பழைய லெப்பர்ட் மோத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியாகப் பறந்து வந்தார். வயது 78. கையில் தபாலும் கொண்டுவந்தார். இதைச் சொன்னதும் பின்வரிசையில் ஒரு பாப்பா, "என் தாத்தாவுக்கு மோட்டார் சைக்கிளே ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்" என்றாள். தாத்தாவிடம் இந்தக் கதையைச் சொல்லச் சொன்னேன்.

எனக்கும் விமானி ஆக ஆசை. எங்கே தொடங்குவது?

இதை எழுதித் தந்தவர்கள் ஏழு பேர், அதில் நான்கு பேர் பெண் பிள்ளைகள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், பௌதிகம், ஆங்கிலம் மூன்றையும் கைவிடாதீர்கள். சொந்தமாகப் பறக்க மட்டும் உரிமம் வேண்டுமென்றால் 17 வயது, குறைந்தது 40 மணி நேரப் பறப்பு. சம்பளத்துக்கு ஓட்ட வேண்டுமென்றால் 18 வயது, வணிக விமானி உரிமம். அதை நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கொடுக்கிறது. பயிற்சிப் பள்ளிக் கட்டணம் மூன்று லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகும். வீட்டை அடகு வைக்கலாமா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அம்மா, அவசரப்படாதீர்கள். முதலில் கடனுதவி, கல்வி நிதி, விமான நிறுவனமே பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு எல்லாவற்றையும் விசாரியுங்கள். உரிமம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளையும் தேடிப் போய்ப் பேசுங்கள்.

ஈப்போ இங்கிருந்து அரை மணி நேரம்தான். அங்கே விமான நிலையத்தில் பேராக் பறக்கும் மன்றம் இருக்கிறது. ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சின்ன விமானங்களைக் காட்டுங்கள், அங்கிருப்பவர்களிடம் கேட்கட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை: விமானிகளுக்கான 'முதலாம் வகுப்பு' மருத்துவப் பரிசோதனை. பணம் கட்டிய பிறகு உடம்பு தேறவில்லை என்று தெரிந்தால் தாங்க முடியாது. கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் பெரும்பாலும் போதும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா என்பதை மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள்.